நினைவு முந்தும், மூட்டு பிந்தும்: நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் சைக்கிள்

சைக்கிள் ஓட்டக் கற்றவருக்கு அது ஒருநாளும் மறக்காது என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் மறக்காமல் இருப்பது நம் உடம்பின் ஒரு பகுதி மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளைத் தொடாமல் இருந்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில் நான் மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது, சமநிலை முதல் நாளே திரும்பிவிட்டது. மூச்சு சில வாரங்களில் திரும்பியது. முழங்காலும் மணிக்கட்டும் பழக மாதக்கணக்கில் ஆயிற்று. சாலையைக் கணிக்கும் புத்தி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்தது. இடையில் விட்டுப்போன சைக்கிளை ஆசையோடு எடுத்து ஓரிரு மாதங்களில் மறுபடியும் மூலையில் சாத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர், முதலில் திரும்பியதை நம்பி மற்ற எல்லாமும் திரும்பிவிட்டதாக எண்ணிக்கொண்டவர்கள். அதனால்தான் இந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைக்கிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் வேகமெடுத்தபோது, எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதும் அந்த இயக்கத்தின் வேலையாயிற்று. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று ஊக்குவித்தார்; சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், செவிலியர்களும், ஆசிரியைகளும் மாலை நேரங்களில் ஊர்ப் பொட்டல்களில் சைக்கிள் பழகியதை இந்த மாவட்டத்தில் என் வயதுடைய எவரும் மறந்திருக்க முடியாது. லேடீஸ் சைக்கிள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை; ஆகவே பலர் பார் வைத்த சைக்கிளிலேயே, முதலில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு சீட்டில் ஏறினார்கள். பிள்ளையைப் பாரில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். அறிவொளித் தொண்டராக இருந்த நானும் அப்படித்தான் கற்றேன். பின்னர் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியில் சேர்ந்து, தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு துணை சுகாதார நிலையத்திலிருந்து ஊர் ஊராகப் போய்வந்த காலமெல்லாம் சைக்கிளில்தான் கழிந்தது. மொபெட் வந்ததும் சைக்கிள் நின்றது. அதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. பார்க்கவேண்டிய ஊர்கள் கூடின, நேரம் குறைந்தது, அவ்வளவே.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு, சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து, தினமும் உடம்பை அசைக்க வேண்டும் என்று சொல்வது என் அன்றாட வேலையின் பகுதியாயிற்று. ஒருமுறை எனக்கே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரையிலான அளவை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறோம். மருந்தைவிட உணவும் உடலுழைப்பும் அதிகம் பேசும் கட்டம் அது. நடைப்பயிற்சி எனக்கு ஒத்துவந்தாலும் மனம் அதில் நிலைக்கவில்லை. சைக்கிள் மீது எனக்கு இருந்த பிரியம் நடையின் மீது வரவேயில்லை. எந்த உடற்பயிற்சியும் விருப்பமில்லாமல் நீடிக்காது என்பதை நோயாளிகளிடம் கண்டிருக்கிறேன் என்பதால், பிரியம் இருக்கும் பக்கமே போவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தது. மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது கொடுக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டி, அவள் கல்லூரிக்குப் போனபின் பின்கட்டில் சாக்குப்பையால் மூடிக் கிடந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு சைக்கிள் கிடக்கிறது. மீண்டும் ஓட்ட நினைப்பவர்கள் புதிதாக வாங்குவதற்கு முன் அதைத் தூசி தட்டிப் பார்ப்பது நல்லது; மாணவிகளுக்குக் கொடுத்த வண்டியென்றால் சீட்டுக்கு முன்னால் பார் குறுக்கிடாது என்பதால், காலைத் தூக்கிப் போடச் சிரமப்படும் வயதுக்கு அதுவே பொருத்தமான வண்டி.

ஆனால் அப்படிக் கிடந்த சைக்கிளைக் காற்றடித்து உடனே ஓட்டக் கூடாது. திருக்கோகர்ணம் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் டயரின் பக்கச் சுவரை இரண்டு கட்டைவிரல்களுக்கு இடையில் மடக்கிக் காட்டினார். மேலே பார்க்கக் கறுப்பாகவும் பட்டன் தேயாமலும் இருந்த ரப்பர், மடக்கிய இடத்தில் கோடைக் குளத்து வண்டல் வெடிப்பதுபோல் கோடு கோடாகப் பிளந்தது.

“நர்சம்மா, டயரு தேயலன்னு பாக்காதீங்க. ஓடித் தேஞ்ச டயரக்கூட நம்பலாம், நின்னு காஞ்ச டயர நம்பக் கூடாது” என்றார்.

சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, கட்டைவிரலை போர்க்கில் ஊன்றி நகத்தை ரிம்முக்கு அருகில் வைத்துக் காட்டினார். ரிம் ஒரு பக்கம் நகத்தை உரசி, மறுபக்கம் விலகிச் சென்றது. போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுக்க வேண்டும். காற்றடிக்கும் வாயில் இருக்கும் சிறு ரப்பர் குழாயான வால்டியூப் இறுகிப்போயிருந்தது. பிரேக் கட்டைகள் தேயவே இல்லை. ஆனால் காய்ந்து வழவழவென்று பளபளத்தன. அப்படிப்பட்ட கட்டை ரிம்மைப் பிடிக்காது, வழுக்கும். அச்சைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் சோப்புப்போல் கெட்டியாகியிருந்தது. பால்ரஸ்களை மண்ணெண்ணெயில் அலசிப் புதுக் கிரீஸ் வைத்தார். இவ்வளவும் சேர்ந்ததைத்தான் கடையில் ஓவராயிலிங் என்பார்கள். டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றையும் மாற்றி, ஓவராயிலிங்கும் செய்தால் புதுச் சைக்கிள் விலையில் சிறு பங்குதான் ஆகும். இந்தச் செலவில் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழகிய கைகளுக்குப் பிரேக் பிடிக்காத வண்டி கிடைத்தால் சமாளிக்கும். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் வரும் கைகளுக்கு அந்தச் சமாளிப்பு இராது.

அந்தப் பெரியவர் தானாகவே சொன்ன யோசனை ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது. பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான பிரீவீலில், இருந்த பதினெட்டுப் பல் உள்ளதை எடுத்துவிட்டு இருபத்திரண்டு பல் உள்ளதைப் போட்டுக்கொடுத்தார். கியர் இல்லாத சைக்கிளில் நம்மால் மாற்றக்கூடியது இதுதான். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தே மிதிக்கலாம். முழங்காலுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. கியர் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கும் நான் சொல்வது இதையே: முதல் சில மாதங்கள் இலகுவான கியரிலேயே, கால்கள் வேகமாகச் சுற்றும்படி ஓட்டுங்கள், பாரமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது பலமாகத் தோன்றும், ஆனால் மூட்டு அதற்கு விலை கொடுக்கும்.

சீட்டு உயரத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கியிருக்கும். கணக்கு சரியானதுதான். ஆனால் அந்த உயரத்தில் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாக ஊன்றாது. பல ஆண்டு கழித்து ஏறுகிறவருக்கு அது தரும் பயம் பெரிது. ஆகவே முதலில் இரு பாதங்களும் தரையில் பதியும்படி தாழ்வாக வைத்துக்கொண்டு, நம்பிக்கை வர வர ஒரு விரற்கடை அளவாக ஏற்றிக்கொண்டே போவதுதான் எனக்கு ஏற்ற வழியாக இருந்தது. தாழ்ந்த சீட்டிலேயே நிரந்தரமாக இருந்துவிடக் கூடாது. முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருக்கிறது. பின்பக்க மடிப்பில் இழுத்தால் உயர்ந்திருக்கிறது. தைலம் தேய்ப்பதற்கு முன் சீட்டுக் கம்பியின் போல்ட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் நாட்களில் சாலைக்கே போகவில்லை. விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் பெடலை மிதிக்காமல் காலால் தரையை உந்தி உந்தி உருட்டினேன். கால் தரையை விட்டு எழுந்து, வண்டி தானாக நாலைந்து அடி நேராகப் போனபோது கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரை மெல்லத் திருப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் நினைவூட்டவில்லை, நானும் யோசிக்கவில்லை. இப்படி உடம்பால் கற்ற திறன்கள், பெயர், தேதிபோன்ற செய்திகளை நினைவில் வைக்கும் பகுதிகளில் அல்லாமல், சிறுமூளையையும் அசைவை ஆளும் பிற மூளைப் பகுதிகளையும் சார்ந்து நிற்பதால் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பத்தொன்பது வயதில் பொட்டலில் முதன்முதலாகத் தனியாக ஓட்டிய நாளின் மகிழ்ச்சிக்கு அது சற்றும் குறைந்ததல்ல.

மைதானத்தில் சமநிலையைவிட அதிகம் பழக்கிக்கொள்ள வேண்டியவை வேறு சில. இரண்டு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடித்து, குறித்த கோட்டில் நிற்பது. ஒரு கையை எடுத்துச் சைகை காட்டும்போது மறுகை ஆடாமல் இருப்பது. வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. இதில் மூன்றாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வயது ஏற ஏறக் கழுத்தின் திருப்பம் குறைகிறது. கழுத்துப் போதாமல் தோளும் சேர்ந்து திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பிவிடும். ஒரு சிறு கண்ணாடியை வலப்பக்கம் பொருத்திக்கொண்டேன். ஆனால் கண்ணாடி இருந்தாலும் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை விடக் கூடாது. அதில் தெரியாத இடமும் உண்டு.

மூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். இதயமும் இரத்த ஓட்டமும் ஒழுங்கான பயிற்சிக்கு விரைவாகவே இணங்கிவிடும். தொடக்கத்தில் பெரியார் நகர்வரை போவதற்குள் மூச்சு வாங்கிய எனக்கு, சில வாரங்களிலேயே புதுக்குளத்தைச் சுற்றிவந்து, அதன்பின்னும் ஓட்டலாம் என்ற தெம்பு வந்தது.

மிகவும் கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். மூச்சு இடம் கொடுக்கிறது, தொடையிலும் பலம் கூடியதுபோல் இருக்கிறது. ஆகவே தூரத்தை இரட்டிப்பாக்கத் தோன்றும். தசைக்கு நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அது சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது வலுப்பெற மாதங்கள் ஆகும். பலம் கூடிய தசை பழகாத நாணை இழுக்கும்போதுதான் முழங்கால் சில்லின் கீழும் குதிகாலுக்கு மேலும் வலி தொடங்குகிறது. அந்த வலி ஓட்டும்போது வராமல் மறுநாள் காலையில் படுக்கையைவிட்டு எழும்போது வருவதால், பலருக்கும் அதன் காரணம் தெரிவதில்லை. எனவே தெம்பைப் பார்த்துத் தூரத்தைக் கூட்டாமல், மறுநாள் காலையைப் பார்த்துக் கூட்டுவது என்று வைத்துக்கொண்டேன். மாடிப்படி இறங்கும்போது முழங்கால் பேசாமல் இருந்தால் அந்த வாரம் சற்றுக் கூடுதலாகப் போகலாம். பேசினால் தூரம் அப்படியே இருக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினேன். ஐம்பதுக்கு மேல் உடம்பு தேறிக்கொள்ள ஒருநாள் இடைவெளி கேட்கிறது. அதைக் கொடுத்தவர்கள்தான் ஆண்டு முழுவதும் ஓட்டுகிறார்கள்.

உட்காரும் இடத்து வலியைப் பற்றிப் பெண்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அதனாலேயே பலர் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பெலும்பின் அடியில் நாம் உட்காரும் இரண்டு முனைகள் உண்டு. அந்த முனைகளின் கீழ் உண்டாகும் வலி இயல்பானது. தொடர்ந்து ஓட்டினால் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் நடுப்பகுதி மரத்துப்போவதும், சிறுநீர் கழிக்கும்போது எரிவதும் இயல்பானவை அல்ல. சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மட்டமாகவோ, முன்பக்கம் மிகச் சிறிதளவு தாழ்ந்தோ இருக்க வேண்டும். மெத்தென்ற பஞ்சுறையை வாங்கி மாட்டிவிட்டால் தீரும் என்று கடைகளில் சொல்வார்கள். அது அரைமணி நேரத்துக்குச் சுகமாக இருக்கும். அதற்குமேல் எலும்பு அதனுள் புதைந்து, மென்மையான இடங்களில் அழுத்தம் கூடும். உட்காரும் முனைகளைத் தாங்குமளவு அகலமும் ஓரளவு கெட்டித்தன்மையும் உள்ள சீட்டே நீண்ட தூரத்துக்கு உதவும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெடலில் ஊன்றி எழுந்து மறுபடி உட்கார்வதும் நல்ல பழக்கம். சுடிதார் பேண்டில் நடுத்தையல் தடித்திருந்தால் உரசும். தையல் மெல்லிய பருத்தி ஆடை போதும். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிவிடுங்கள், செயினுக்கு மூடியும் பின்சக்கரத்துக்கு வலையும் இல்லாத வண்டியில் சேலையோடு ஏறாதீர்கள்.

கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரை உயர்த்தி, முழங்கையைச் சற்று மடக்கி, பிடியைத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பயத்தில் இறுக்கிப் பிடிப்பதுதான் முதல் காரணம். பயம் குறையும்போது மரப்பும் குறைவதைக் கண்டேன்.

இனிச் சாலை. மொபெட்டும் ஸ்கூட்டரும் ஓட்டிப் பழகியவர்கள் சைக்கிளுக்குத் திரும்பும்போது இருக்கும் ஆபத்து, ஒருபோதும் வண்டியே ஓட்டாதவருக்குக்கூட இராது என்று நினைக்கிறேன். நம் கண்ணுக்குள் ஓர் அளவுகோல் இருக்கிறது. தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. அது வருவதற்குள் கடந்துவிடலாம் என்று அந்த அளவுகோல் சொல்கிறது. ஆனால் அது இருபது ஆண்டுகளாக ஆக்சிலேட்டரோடு பழகிய அளவுகோல். நின்ற இடத்திலிருந்து மொபெட் சாலையைக் கடக்க எடுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான நேரத்தைச் சைக்கிள் எடுத்துக்கொள்ளும். நடுவில் பெடல் நழுவினால் இன்னும் கூடும். இதைச் சரிசெய்ய நான் ஒரு பயிற்சி வைத்துக்கொண்டேன். சாலையோரம் சைக்கிளோடு நின்று, கடக்காமலே, இப்போது கடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்ப்பது. முதலில் என் கணிப்பு பலமுறை பிசகியது. பார்க்கப் பார்க்கத்தான் கண்ணின் அளவுகோல் மாறியது. இன்றும் திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடக்கிறேன். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இன்னொன்று, சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. மொபெட் வருவதைக் கேட்டு ஒதுங்கும் மனிதரும் மாடும் சைக்கிளைக் கேட்பதில்லை. மணியை முன்கூட்டியே அடிக்க வேண்டும். பக்கத்தில் போய்த் திடீரென அடித்தால் பயந்து குறுக்கேதான் பாய்வார்கள். தார்ச்சாலையின் விளிம்பில் ஓட்டுவது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அங்கேதான் மணல் சேர்ந்திருக்கும், தார் முடிந்து மண் தாழ்ந்திருக்கும். விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே, ஆடாமல் ஒரே கோட்டில் ஓட்டுவது மேல். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் இடையில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் சற்று நேரத்தில் அது விலகிவிடும். விடியுமுன் கிளம்புகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கும், மட்கார்டில் ஒளிரும் பட்டையும் இல்லாமல் போகக் கூடாது.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது. இருபது வயதில் முழங்கை சிராய்த்ததோடு போன விழுதல், ஐம்பத்தைந்தில் மணிக்கட்டு முறிவாகலாம். சைக்கிளுக்குத் தலைக்கவசத்தைச் சட்டம் கேட்காவிட்டாலும் நான் அணிகிறேன். இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட்டு தாங்குவதால் மூட்டுக்கு நல்லது. ஆனால் அதே காரணத்தால் எலும்பை வலுவாக்கும் வேலையைச் சைக்கிள் அதிகம் செய்வதில்லை. ஆகவே ஓட்டாத நாட்களில் நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

எங்கள் மாவட்டத்தில் மீண்டும் தொடங்க நல்ல காலம் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, காற்றும் மெல்லியதாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்ட நேர்ந்தால், குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தபின் பிரேக் கிட்டத்தட்டப் பாதிகூடப் பிடிக்காது என்பதை நினைவில் வைத்து, முன்னமே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். ஆடியில் அதன் முழு வேகம் தெரியும். மணிக்கு பதினைந்து கிலோமீட்டரில் ஓட்டும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், உடம்பு உணரும் காற்றின் வேகம் இரண்டு மடங்காகிறது. அதன் எதிர்ப்போ நான்கு மடங்காகிறது. அதனால்தான் சமதரையிலும் மேடேறுவதுபோல் இருக்கிறது. அந்த மாதங்களில் புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்படி வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். காலையில் காற்று அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும் என்பதால், கிழக்கே ஆலங்குடிப் பக்கம் போனால் எளிதாகப் போய்விட்டுத் திரும்பும் வழியில் திண்டாடுவோம்.

ஓராண்டு நெருங்கும்போது சித்தன்னவாசலுக்குப் போய்வந்தேன். ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர், அன்னவாசல் பாதை, வடமேற்குத் திசை. என்னோடு பணிபுரியும், என்னைவிடப் பத்து வயது இளைய செவிலியர் ஒருவரும் வந்தார். அவர் முன்னால் போய்ப் போய் நின்று காத்திருந்தார். “அக்கா, நீங்க முன்னாடி போங்க, நான் உங்க பின்னாடியே வர்றேன். அப்பத்தான் ரெண்டு பேரும் சேந்து போய்ச் சேருவோம்” என்று அவராகவே சொன்னார். அன்று முதல் எங்கள் வழக்கம் அதுதான்: யாருக்கு வேகம் குறைவோ அவர் முன்னால். மெதுவாக வருபவர் பின்னால் இருந்தால், முன்னால் இருப்பவரைப் பிடிக்கும் அவசரத்தில் தன் அளவை மீறிவிடுகிறார். கேரியரில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில், நான்கைந்து கடலை மிட்டாய், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட மோர், அவ்வளவுதான் எடுத்துப்போனோம். குன்றின் மேல் சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்குப் பாறைப் படிகளில் ஏறுவதைச் சைக்கிள் மிதித்த கால் விரும்பாது. அதனால் குகை ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு, நிழலில் அரைமணி நேரம் கால் நீட்டியிருந்துவிட்டு, ஒன்பது மணி வெயிலுக்கு முன்பே திரும்பிவிட்டோம்.

இப்போது துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் சிலர் தாங்களும் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுள் அறிவொளிக் காலத்தில் பழகியவர்களும் உண்டு. மாரில் அழுத்தம், படியேறினால் மூச்சுத்திணறல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருப்பவர்களை முதலில் மருத்துவரிடம் அனுப்புகிறேன். இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது; சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலமோ வெல்லக்கட்டியோ இருக்க வேண்டும்; கை நடுங்கி வியர்த்தால் உடனே இறங்கிவிட வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் வீக்கம் இல்லாத நாட்களில், சமதரையில், சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, அழுத்தமில்லாமல் கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். மறுநாள் வீங்கினால் நிறுத்திவிட்டு என்னிடம் வந்து காட்டச் சொல்கிறேன். சைக்கிள் எங்கே என்று கேட்டால், பெரும்பாலோர் மகனுக்கோ மகளுக்கோ பள்ளியில் கொடுத்தது வீட்டில் கிடக்கிறது என்கிறார்கள். முதலில் அதன் டயரை மடக்கிப் பார்த்துவிட்டு, கடைக்கு உருட்டிக்கொண்டு போகச் சொல்லி அனுப்புகிறேன்.